பத்து வெள்ளியின் உண்மையான விலை



பேராக் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் சம்பள நாள் என்றால் அது ஒரு திருநாள். அன்று மாலை தோட்டத்துக் கடை முன்னால் கூட்டம் நிற்கும். ஆனால், அவர்களில் பலர் பொருள் வாங்க வந்தவர்கள் அல்லர். பாக்கியைக் கட்ட வந்தவர்கள். மாதம் முழுவதும் கடனுக்கு வாங்கிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் '555' என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். சம்பளம் அந்தப் பாக்கிக்கே போய்விடும். மறுநாள் புதுக் கணக்கு தொடங்கும்.

பொருளாதாரத்தின் முதல் பாடம் இந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. வருமானத்திற்கு எல்லை உண்டு. தேவைகளுக்கு எல்லை இல்லை. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விடவேண்டும். அப்படி விட்டுக்கொடுத்ததே வாங்கிய பொருளின் உண்மையான விலை. இதை 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் காலணியா, தீபாவளிக்குப் புதுச் சேலையா என்று யோசித்த தோட்டத்துத் தாய்க்கு அந்தச் சொல் தெரியாது. கணக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அவர்கள் சிக்கனம் அறியாதவர்கள் என்று சொல்வது நியாயமில்லை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. நாள் கூலியும் குறையும். வருமானம் நிலையாக இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்கும் கடையே துணை. டவுனில் விலை குறைவு என்று தெரிந்தும் அங்கே போக முடியாது. பாக்கி இங்கே இருக்கிறதே! கடன் வந்ததும் பயனீட்டாளரின் தேர்வு சுருங்கிவிடுகிறது.

அதே மக்களுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 1950களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டு துண்டாகப் பிரிந்தன. வேலையோடு குடியிருந்த வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, "பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்ற கருத்தைத் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார்.

அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. அதைக் கொடுத்த குடும்பம் அந்த மாதம் எதையோ வாங்காமல் விட்டது. உடனே கையில் கிடைத்தது எதுவுமில்லை. ஆனாலும், பலர் கொடுத்தார்கள். அந்தப் பணம் சேர்ந்து கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. இன்றைய செலவை நாளைய பாதுகாப்புக்காகத் தள்ளிவைப்பதும் ஒரு தேர்வுதான்.

தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்கு வந்துவிட்டன. 555 புத்தகத்தின் இடத்தில் இப்போது கடன் அட்டையும் கைப்பேசித் தவணையும் வந்திருக்கின்றன. 1,500 வெள்ளி குளிர்பெட்டியை 'மாதம் 85 வெள்ளி மட்டுமே' என்று 24 மாதத் தவணையில் விற்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 2,040 வெள்ளி. கூடுதலாகக் கொடுப்பது 540. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. மாதத்திற்கு 26 வேலை நாள் என்று வைத்தால், அந்த 540 வெள்ளி எட்டு நாள் உழைப்பு! குளிர்பெட்டி வாங்குவது தவறல்ல. எட்டு நாள் உழைப்பைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் வாங்குவதுதான் தவறு.

தீபாவளிக்கு ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கும் முதல் சட்டை தரும் மகிழ்ச்சியை நான்காவது சட்டை தருவதில்லை. விலை மட்டும் நான்குக்கும் ஒன்றே. கடையை விட்டு எப்போது கிளம்புவது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஆகவே, பணப்பையைத் திறக்கும் முன் மூன்று கேள்விகள் போதும். இது தேவையா, ஆசையா? தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு? இதே பணம் வீட்டில் வேறு எதற்கு உதவும்?

மூன்றாவது கேள்வியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், பிள்ளைகளும் கேட்கட்டும். பத்து வெள்ளியை எண்ணி எண்ணிக் கொடுத்த தாத்தா பாட்டியின் கதையையும் அப்போதே சொல்லிவிடலாம்.