வாய்பேசாப் பிராணிகளின் நோய்கள்

மனிதனுக்கு நோய் வந்தால் தலை இடிக்கிறதென்றும் வயிறு வலிக்கிறதென்றும் வைத்தியரிடம் எடுத்துச் சொல்லுவான். படலையிற் காவல் கிடக்கும் நாய்க்கும் அடுப்படியில் உறங்கும் பூனைக்கும் அந்த வசதி இல்லை. தம் வழக்கத்தில் ஏற்படும் மாற்றத்தினாலேயே அவை தம் துன்பத்தைத் தெரிவிக்கின்றன. அழைத்தவுடன் ஓடிவரும் நாய் இருண்ட மூலையில் ஒதுங்குவதும், ஓயாது உடலை நக்கிச் சுத்தஞ் செய்யும் பூனை மயிர் கலைந்து குந்தியிருப்பதும் நோயின் முதற் செய்திகளாகும். அச்செய்தியை அறிந்துகொள்ளுதல் அவற்றை வளர்ப்போரின் கடமை.

மூக்கு உலர்ந்திருந்தால் நாய்க்குக் காய்ச்சல் என்று பலர் எண்ணுவர். இது நம்பத்தக்க அடையாளமன்று. சுகமான நாயின் மூக்கும் உறங்கி எழுந்ததும் உலர்ந்திருக்கும். நாய், பூனை ஆகியவற்றின் உடற்சூடு இயல்பாகவே 101 முதல் 102½ பாகை பரனைற் வரை இருக்கும். ஆகவே தொட்டுப் பார்த்துச் சூடு என்று சொல்லுவதிற் பயனில்லை. உணவு, நீர், மலம், சிறுநீர், நடை, முரசின் நிறம் ஆகிய இவற்றை நாள்தோறும் கவனிப்பதே பயன் தருவது.

வீட்டுப் பிராணிகளின் நோய்களுள் மிகக் கொடியது விசர்நோய். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி விரிவடைந்ததனால் அத்தொகை பெரிதும் குறைந்தது. எனினும் நோய் நாட்டை விட்டு நீங்கிவிடவில்லை.

விசர்பிடித்த நாய் நீரைக் கண்டு அஞ்சும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் நீருக்கு அஞ்சுவது நோய் கண்ட மனிதனே. நாய்க்கு அவ்வச்சம் இல்லை. ஆதலால் நீர் குடிக்கும் நாய்க்கு விசரில்லை என்று முடிவு செய்வது ஆபத்தாகும். விசர்நாய் எல்லாம் வெறிகொண்டு ஓடும் என்பதும் தவறே. சில நாய்கள் அடங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், வாய்நீர் ஒழுகும், விழுங்க முடியாது தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி இரக்கத்தோடு வாய்க்குள் கைவிடுபவர் தம்மை அறியாமலே நஞ்சை ஏற்றுக்கொள்கிறார். பூனைக்கும் கீரிக்கும் இந்நோய் வரும் என்பதையும் மறத்தலாகாது.

நோய்க்கிருமி உமிழ்நீரில் உள்ளது. கடிவாயிற் புகுந்து நரம்பின் வழியாக மூளையை அடைகிறது. இப்பயணத்துக்குப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ செல்லும். இந்த இடைக்காலமே மனிதன் தப்புவதற்குரிய காலம். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்டருக்குப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் இக்காலத்திலேயே ஊசி மருந்து செலுத்துவித்தார், சிறுவன் பிழைத்தான். நோயின் குணங்கள் தோன்றிய பின்னரோ மரணம் ஏறக்குறைய நிச்சயம்.

ஆகவே நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் முதலியன பூசுதல் கூடாது. கழுவியதும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தம் வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடுதல் தகாது. கடித்த பிராணியைக் கொன்றுவிடுதலும் தகாது. பத்து நாட்கள் வரை அது சுகமாகவே இருக்குமாயின், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் நஞ்சு இருக்கவில்லை என்பது தெளிவாகும். அதுவரை சிகிச்சையைப் பின்போடாது, வைத்தியரின் சொற்படி நடத்தல் வேண்டும்.

குட்டிகளை வாரிக்கொண்டு போகும் இன்னொரு நோய் பார்வோ. 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய இக்கிருமி குடலைத் தாக்குகிறது. குட்டி உணவை வெறுத்து, ஓயாது வாந்தியெடுத்து, நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலால் உடல்நீர் வற்றி இரண்டொரு நாளிலேயே இறந்துவிடக்கூடும். உரிய வேளையில் நாளத்தின் வழியே நீரேற்றினாற் பல குட்டிகள் பிழைக்கும். நோய் கண்ட வளவின் மண்ணிற் கிருமி பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஊசி போடாத புதுக்குட்டியை அங்கே கொண்டுவருவது அதையும் பலி கொடுப்பதாகும்.

உண்ணிகள் இரத்தத்தை உறிஞ்சுவதோடு காய்ச்சலையும் புகுத்துகின்றன. நாய் சோர்ந்து, முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வடியுமாயின் உண்ணிக்காய்ச்சலைச் சந்தேகிக்கலாம். குடற்புழுக்களோ குட்டி பிறக்கு முன்னரே தாயின் வயிற்றில் அதனைப் பற்றிக்கொள்ளும். நாயின் மலத்தோடு வெளிப்படும் புழுமுட்டைகள் மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்வன. புழுமருந்து கொடுப்பது நாயின் நலத்துக்கு மட்டுமன்று, வீட்டாரின் நலத்துக்கும் உரியதாகும்.

பூனை தன் நோயை மறைப்பதில் நாயினும் வல்லது. கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் கழியாதிருந்தால், மலச்சிக்கல் என்று காத்திருத்தல் கூடாது. நீர்வழி அடைபட்டிருக்கக்கூடும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனையின் ஈரலும் பழுதடையலாம். காய்ச்சலென்று மனிதருக்குரிய பரசிட்டமோல் குளிசையைக் கொடுப்பது பெருந்தவறு. ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்குரிய தெள்ளு மருந்துகளிற் சிலவும் பூனைக்கு நஞ்சாகும்.

மிருக வைத்தியரிடம் செல்லும்போது, எப்பொழுது உண்ண மறுத்தது, எத்தனை முறை வாந்தியெடுத்தது, எந்த ஊசி எப்பொழுது போடப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுதல் நன்று. பேசாத பிராணிக்காகப் பேசவேண்டியவர் அதனை வளர்ப்பவரே. விசர்நோய்த் தடுப்பூசியை வைத்தியர் குறித்த வயதிற் போடுவித்து, பின்னர் ஆண்டு தவறாது புதுப்பித்தால், காப்பாற்றப்படுவது அந்நாயின் உயிர் மட்டுமன்று. அதனோடு விளையாடும் பிள்ளையின் உயிருமாகும்.