மலையேறும் ரயிலில்

மும்பையிலிருந்து புனே 192 கிலோமீட்டர். ரயிலில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பிரயாணம். மோட்டாரில் விரைவுச் சாலை வழியே இன்னும் சீக்கிரம் போகலாமே என்பர் சிலர். போகலாம், ஆனால் மலை நம்மோடு பேசுவது ரயிலில்தான்.

கர்ஜத் நிலையத்தில் வண்டி நிற்கும். மேடையில் சூடான உருளைக்கிழங்கு வடை விற்பார்கள். பின்புறம் துணை எஞ்சின்களை மாட்டுவது வழக்கம். ஏனெனில் அதற்கப்பால் போர்காட் மலைப்பாதை. செங்குத்தான இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். லோணாவளா வரை 28 கிலோமீட்டரில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். சுரங்கத்தின் இருள், உடனே பள்ளத்தாக்கின் பசுமை, மீண்டும் இருள். மழைக்காலத்தில் பாறைதோறும் அருவி.

இப்பாதை 1863-ல் திறக்கப்பட்டது. வெடிமருந்தும் உளியும் கொண்டு இம்மலையைக் குடைந்த தொழிலாளர்களுள் ஆயிரக்கணக்கானோர் விபத்துக்கும் வாந்திபேதிக்கும் இரையாயினர். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம்.

ஆகவே, இவ்வழியே செல்லும்பொழுது கடிகாரத்தைப் பாராமல் சாளரத்தைப் பாருங்கள். வண்டி மெல்ல ஏறும் அந்தச் சிறிது நேரமே இப்பிரயாணத்தின் பெரும் இன்பம். சுரங்கம் இருளும்பொழுது, நம் இளைப்பாறுதலுக்கு உயிரை விலையாகத் தந்தவர்களை ஒரு கணம் நினைப்போம்.