வீட்டு மின்சாரமும் தொழிற் கணக்கும்

(காரைக்கால் வட்டாரத்தில் வீட்டிலிருந்து தொழில் புரிவோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)

திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்களிலிருந்து தையல் முதலிய தொழில் புரிவோர் பலர் இங்கு வந்திருக்கின்றீர்கள். தொழிற் கணக்கு எழுதும்போது துணி, நூல், பொத்தான் ஆகியவற்றின் விலையைத் தவறாமல் குறிக்கின்றீர்கள். ஆனால் மின்சாரக் கட்டணமும் வாடகையும் அக்கணக்கில் ஏறுவதில்லை. அவை வீட்டுச் செலவு என்று விட்டுவிடுகின்றீர்கள். இது பாதி உண்மையே. பகலில் தையலுக்கு எரியும் விளக்கே இரவில் குழந்தையின் படிப்புக்கும் எரிகின்றது. ஆகவே பங்கு பிரித்தல் அவசியமாகும்.

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். ஓர் உதாரணம் கூறுவேன். 100 வாட் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் தினம் 6 மணி வீதம் 25 நாள் ஓடினால் 15 யூனிட். விசிறியும் விளக்கும் சேர்ந்து 100 வாட் எனில் அதே நேரத்திற்கு மற்றும் 15 யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி தினம் ஒரு மணி வீதம் 25 யூனிட். ஆக மொத்தம் 55. வீட்டில் மொத்தம் 150 யூனிட் செலவாகிக் கட்டணம் 600 ரூபாய் எனில், தொழிலின் பங்கு 220 ரூபாய். 600 சதுர அடி வீட்டில் 100 சதுர அடி அறை தையலுக்கே உரியதாயின், 3,000 ரூபாய் வாடகையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 500 ரூபாய். இரண்டும் சேர்ந்து 720 ரூபாய். மாதம் 120 ரவிக்கை தைப்பவர் இதைக் கூலியில் சேர்க்காவிடில், ரவிக்கை ஒன்றுக்கு 6 ரூபாய் தம் கைப்பொருளை இழக்கின்றார். சொந்த வீடாயின் வாடகைப் பங்கு எழாது. மின்சாரப் பங்கு உண்டு.

வருமான வரிக்கும் நெறி இதுவே. முழுவதும் தொழிலுக்கெனச் செய்த செலவையே கழிக்கலாம் என்றும், வாடகை வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடந்தால் அப்பகுதிக்குரிய வாடகையையே கழிக்கலாம் என்றும் 1961-ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்தது. 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் இந்நெறி மாறவில்லை. ஆனால் மொத்த வரவில் நூற்றுக்கு 8, வங்கி வழி வந்த தொகைக்கு 6 என லாபத்தைக் கணக்கிடும் எளிய முறையை மேற்கொள்வோர், இச்செலவுகளைத் தனியே கழிக்க இயலாது.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். அனுமதித்த உபயோகத்திற்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். உங்கள் தொழிலுக்கு வீட்டு இணைப்பு போதுமா என்பதை மின்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிக. தனி மீட்டர் வைத்துக்கொண்டால் மின்சாரத்தைப் பங்கு பிரிக்கும் வேலையே இராது.

இம்மாதம் முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் இயந்திரம் ஓடிய நேரத்தைக் குறியுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை கூலி பேசும்போது அக்கணக்கை முன்வைத்துப் பேசுங்கள்.