திரையை மக்கள் பக்கம் திருப்புவோம்

(சேலையூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேலையூர் ஒரு காலத்தில் ஏரியையும் வயலையும் நம்பியிருந்த கிராமம். இன்று, 2021-ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் அது ஒரு பகுதி. வயல்கள் மனைகளானபோது சர்வே எண்கள் உட்பிரிவுகளாகப் பெருகின. நிலக் கணக்குகள் கம்ப்யூட்டரில் ஏறின. ஆகவே, கம்ப்யூட்டரின் திரையைப் பற்றி, ‘மானிட்டர்’ என்று வழங்கும் அக்கருவியைப் பற்றி, இங்கே சிறிது பேச விரும்புகிறோம்.

தொடக்கத்தில் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குத் திரை என்பதே கிடையாது. துளையிட்ட அட்டைகளில் கணக்கைக் கொடுப்பார்கள். விடை காகிதத்தில் அச்சாகி வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் நிறுவிய ஐ.பி.எம். 370 இயந்திரத்துக்கும் மாணவர்கள் அட்டைக் கட்டுகளையே சுமந்து சென்றார்கள். ஓர் அட்டையில் பிழை இருந்தாலும், அச்சு வந்த பிறகுதான் தெரியும்.

ஆயினும், பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் தாமே கட்டி 1960-ல் இயக்கிய ‘டிஃப்ராக்’ இயந்திரத்துக்குப் படக்குழாய்த் திரை ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. படக்குழாய் 1897-ல் ஜெர்மானியராகிய பிரவுன் கண்டது. வெற்றிடக் கண்ணாடிக் குழாயினுள் மின்னணுக் கற்றை பாய்ந்து, முகப்பில் பூசிய பொருளை ஒளிரச் செய்கிறது. (பிற்காலக் குழாய்களின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அலுவலக மூலையில் பழைய குழாய்த் திரை கிடந்தால், செம்புக் கம்பிக்காக அதை உடைத்து ஏரிக்கரையில் கொட்ட விடாதீர்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் சேர்ப்பியுங்கள்.)

குழாய் போய்த் தட்டைத் திரை வந்த கதை இன்னும் சுவையானது. அதன் வேர் காரட் கிழங்கில் இருக்கிறது! காரட்டிலிருந்து எடுத்த பொருளை ஆராய்ந்த ரைனிட்சர் என்னும் தாவரவியலார், திடமும் அல்லாத, முழுத் திரவமும் அல்லாத ஒரு நிலையை 1888-ல் கண்டார். அதுவே திரவப் படிகம். அதைக் கொண்டு செய்த திரைகளில் நெடுநாள் ஒரு குறை இருந்தது. நேரே அமர்ந்தவருக்கு எழுத்து நன்றாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு மங்கிவிடும். பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர், தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தை 1977-ல் கண்டறிந்தனர். (நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் சந்திரசேகர் வேறு, இவர் வேறு.) அவ்வகைப் பொருளைப் பூசிய மெல்லிய படலத்தைப் பிற்பாடு ஜப்பானியர் திரைகளில் பொருத்தினர், பக்கத்தில் நிற்பவருக்கும் எழுத்துத் தெளிவாகத் தெரியலாயிற்று.

விஞ்ஞானிகள் இவ்வளவு பாடுபட்டும், நம் அலுவலகங்கள் பலவற்றில் திரை எழுத்தரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது! ஓரிடத்தில் நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். முதியவர் ஒருவரின் பட்டா மாறுதல் விண்ணப்பத்தில் உட்பிரிவு ‘2ஏ’ என்பது ‘2பி’ என்று பதிவாகிவிட்டது. வீட்டில் பேரன் படித்த பிறகே பிழை வெளிப்பட்டது. அதைத் திருத்த அவர் மூன்று முறை பஸ் ஏறினார். துளையட்டைக் காலத்து மாணவர் நிலையும் அவர் நிலையும் ஒன்றாகவே இருந்தன.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் அலுவலகத்திலும் ஊரிலுள்ள இ-சேவை மையத்திலும் திரையைச் சிறிது விண்ணப்பதாரர் பக்கம் திருப்பி வைக்கச் செய்யலாம், செலவு ஏதுமில்லை. படிக்க இயலாதவருக்கு எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டட்டும். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு ஆகிய ஐந்தும் சரி என்று விண்ணப்பதாரர் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுக்கட்டும்.