வெல்டிங் புகையும் எங்கள் சுவாசமும்



நீங்கள் ஊர் திரும்பியிருக்கிறீர்கள். வீடுகள் எழும்புகின்றன. வாசலுக்குக் கேற், யன்னலுக்குக் கம்பி, கூரைக்கு இரும்புச் சட்டம் என்று எங்கும் வெல்டிங் வேலை நடக்கிறது. பல பிள்ளைகள் இந்தத் தொழிலைப் பழகி உழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கண்ணைக் காக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நுரையீரலையும் காக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

வெல்டிங் செய்யும்போது உலோகம் உருகி, ஆவியாகி, காற்றில் மிக நுண்ணிய தூளாக மாறுகிறது. அதைத்தான் புகையாகக் காண்கிறோம். அந்தத் தூளை மூக்கு மறித்து வைக்காது. அது நுரையீரலின் அடிவரை போகும். முதலில் தொண்டைக் கரகரப்பும் இருமலும் வரும். வருடக்கணக்கில் சுவாசித்தால் சளி இருமல் நிரந்தரமாகலாம். நிமோனியா பிடிக்கும் வாய்ப்பும் கூடும். சிலருக்கு முன்பு இல்லாத முட்டு வருத்தம் தொழிலாலேயே தொடங்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஒட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2017 இல் அறிவித்தது.

கல்வனைஸ் பைப், தகரம் ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றின் மேல் நாகப் பூச்சு உண்டு. அதன் வெள்ளைப் புகையைச் சுவாசித்துச் சில மணித்தியாலங்களின் பின், பெரும்பாலும் இரவில், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். வாயில் உலோகச் சுவை, தாகம், உடல் உளைவு இருக்கும். வழக்கமாக ஓரிரு நாளில் மாறிவிடும். ஆனால் டெங்குவும் இப்படித்தான் தொடங்கும். ஆகவே நீங்களாக முடிவு செய்யாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். “நேற்று கல்வனைஸ் ஒட்டினேன்” என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

பால் குடித்தால் புகை முறியும் என்று சிலர் நம்புகிறார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. முகத்தில் கட்டும் துணியும் இந்தத் தூளை மறிக்காது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வேலையை வெளியிலோ, பக்கங்கள் திறந்த கொட்டிலிலோ செய்யுங்கள். காற்று பக்கவாட்டில் வீசும்படி இருந்து, தலையைப் புகைக்கு மேலே நீட்டாமல் ஒட்டுங்கள். கல்வனைஸ் என்றால் ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு அங்குலமாவது பூச்சை அராவி நீக்குங்கள். பெயின்ற், எண்ணெய் இருந்தால் துடைத்து எடுங்கள். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம் அணியுங்கள். அது தூளை மறிக்கும், வாயுவை மறிக்காது. எனவே மூடிய அறையிலும் தாங்கிக்குள்ளும் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

பழைய இரும்பு மலிவாகக் கிடைக்கும். ஆனால் பழைய இயந்திரங்களின் ஆணி, சுரைகளில் சிலவேளை கட்மியப் பூச்சு இருக்கும். அந்தப் புகையை ஒரு நாள் கூடுதலாகச் சுவாசித்தாலே நுரையீரலில் நீர் கட்டி உயிர் போகலாம். என்ன பூச்சு என்று தெரியாததை ஒட்டாதீர்கள். காணியில் கிடக்கும் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடவே வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் மகனோ கணவரோ வேலை நாட்களில் இருமி, லீவு நாட்களில் சுகமாக இருக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் அது சாதாரண தடிமன் அல்ல, தொழிலால் வரும் வருத்தமாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே காட்டினால் நுரையீரலைக் காப்பாற்றலாம், தொழிலையும் பாதுகாப்பாகத் தொடர வழி தேடலாம். பிந்திப் போனால் பழுதான நுரையீரலைத் திருப்பித் தர மருந்து இல்லை. இந்தக் கிழமையே கவனிக்கத் தொடங்குங்கள்.