எத்தனை முறை? ஏன்? குதிரைப் பந்தயமும் குடும்பக் கணக்கும்

(ராசா வட்டாரத் தோட்ட மக்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பல இல்லங்களில் பேசத் தயங்கும் பொருளாகும். குதிரைப் பந்தயத்தில் நாம் எத்தனை முறை பணம் கட்டுகிறோம்? ஏன் கட்டுகிறோம்? இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையான விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். பந்தயம் கட்டுவோர் எல்லாரும் தீயோர் என்று இங்கே எவரும் கூறப்போவதில்லை. விடியுமுன் எழுந்து, பால் மரம் வெட்டி, பால் சுமந்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வருகின்ற ஒருவர், வார இறுதியில் சிறிது மகிழ்ச்சியை நாடுவது மனித இயல்பே. ஆயினும், அந்த மகிழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

குதிரைப் பந்தயம் நம் சிலாங்கூருக்குப் புதியதன்று. சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1896ஆம் ஆண்டில் தோன்றியது. கோலாலம்பூரில் அம்பாங் சாலையையொட்டி அதன் பந்தயத் திடல் நெடுங்காலம் இருந்துவந்தது. இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் வானளாவி நிற்கும் நிலப்பகுதி அதுவேயாகும். 1990களின் தொடக்கத்தில் திடல் சுங்கை பெசிக்கு மாறியது. அம்பாங் சாலைக் காலத்தில் ராசா நிலையத்தில் ரயிலேறி, சலவைச் சட்டையும் மடித்த நாளிதழுமாகப் பந்தயம் காணச் சென்ற பெரியவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். அக்காலத்தில் பந்தயத்திற்குச் செல்வது ஒரு பயணம். ரயில் கட்டணம் வேண்டும். ஒரு முழு நாள் வேண்டும். அந்தத் தொலைவே ஒரு வேலியாக நின்று, நம்மை அடிக்கடி செல்லவிடாமல் தடுத்தது.

இன்றைய நிலை வேறு. 1842இல் தோன்றிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப், 2024 அக்டோபர் 5ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. 1864இல் தோன்றிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025 மே மாதத்தோடு பந்தயங்களை நிறுத்திக்கொண்டது. திடல்கள் குறைந்தால் பந்தயம் கட்டுவதும் குறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், அயல்நாட்டுப் பந்தயங்கள் திரையில் வருகின்றன. கைத்தொலைபேசி எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கிறது. குதிரைகள் தொலைவில் ஓடுகின்றன. பணம் கட்டும் வாய்ப்போ வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பழைய வேலி இன்று இல்லை. ஆகவே, "எத்தனை முறை?" என்னும் வினா முன்னெப்போதையும்விட இன்று முக்கியமானதாகும்.

இனி, பணம் எவ்வாறு போகிறது என்பதைக் காண்போம். திடலில் நடைபெறும் பந்தயமுறைக்கு டோட்டலைசேட்டர் என்று பெயர். எல்லாருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. அதிலிருந்து வரிக்கும் நிர்வாகச் செலவுக்கும் ஒரு பங்கு முதலிலேயே கழிக்கப்படுகிறது. எஞ்சியதே வென்றோர்க்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இக்கணக்கைத் தானே போடும் இயந்திரம் 1913ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் முதன்முதலாகப் பயன்பாட்டிற்கு வந்தது. எந்தக் குதிரை வென்றாலும், கழிக்கப்படும் பங்கு கழிக்கப்பட்டே தீரும் என்பதை நாம் கவனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அப்பங்கு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரே முறை 10 வெள்ளி கட்டுபவர், சராசரியாக 2 வெள்ளியை இழக்கிறார். அது ஒரு கோப்பைத் தேநீர்ச் செலவு. அதே 10 வெள்ளியை மாதம் இரண்டு நாள், நாளுக்கு எட்டுப் பந்தயம் எனக் கட்டுபவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டில் 192 முறை கட்டுகிறார். 1,920 வெள்ளி அவர் கையைக் கடந்து செல்கிறது. சராசரி இழப்பு 384 வெள்ளி. இருவரும் கட்டியது பத்துப் பத்து வெள்ளிதான். மாறியது எண்ணிக்கை ஒன்றே. "நான் பெரிய தொகை கட்டுவதில்லை" என்று கூறும் தோழர்கள், தாம் எத்தனை முறை கட்டுகிறோம் என்பதைத்தான் முதலில் எண்ணுதல் வேண்டும்.

வென்ற பணத்தை மீண்டும் கட்டுவோரின் நிலை இன்னும் கடினமானது. மேற்சொன்ன கணக்குப்படி, 100 வெள்ளியோடு தொடங்கித் திரும்பி வருவதையெல்லாம் அடுத்த பந்தயத்தில் கட்டிக்கொண்டே போனால், சராசரியாக முதற்பந்தயத்திற்குப் பின் 80 வெள்ளி, இரண்டாவதற்குப் பின் 64 வெள்ளி, மூன்றாவதற்குப் பின் 51 வெள்ளி எனத் தேய்ந்து, எட்டாவது பந்தயம் முடிகையில் 17 வெள்ளிக்கும் குறைவே எஞ்சும். ஒருவர் அன்று வெல்லலாம். இன்னொருவர் முற்றும் இழக்கலாம். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இதுவே.

"நாங்கள் குதிரையில் கட்டுவதில்லை, எண் மட்டுமே எடுக்கிறோம்" என்று சிலர் கூறக்கூடும். நான்கு எண் குலுக்கலில் 10,000 எண்கள் உள்ளன. "பெரியது" என்னும் முறையில் 1 வெள்ளிக்கு முதற்பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500 வெள்ளி. பத்துச் சிறப்புப் பரிசுகள் 180 வீதம். பத்து ஆறுதல் பரிசுகள் 60 வீதம். இவற்றைக் கூட்டினால் 6,400. அதாவது, 10,000 எண்களையும் ஒருவரே வாங்கினாலும், ஒவ்வொரு வெள்ளிக்கும் 64 காசுதான் திரும்பக் கிடைக்கும். புதன், சனி, ஞாயிறு என வாரம் மூன்று நாள், நாளுக்கு 5 வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 780 வெள்ளி. அதில் சராசரி இழப்பு 280 வெள்ளிக்கும் மேல்.

இதை அறியாதவர்களா நாம்? பலர் நன்கு அறிவோம். அறிந்தும் ஏன் கட்டுகிறோம்?

முதற்காரணம் நம்பிக்கை. 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஆயினும், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கோ, தோட்ட வீட்டை விட்டு வெளியேறும் நாளில் சொந்த வீட்டிற்கு முன்பணம் செலுத்தவோ மொத்தமாகப் பணம் சேர்ப்பது எளிதன்று. ஒரே நாளில் அத்தொகை வந்துவிடாதா என்னும் ஏக்கமே பலரைப் பந்தயத்தின்பால் இழுக்கிறது. அந்த ஏக்கத்தை நாம் பழிக்கலாகாது.

இரண்டாவது காரணம் தோழமை. ஒன்றாக அமர்ந்து நாளிதழைப் புரட்டுவதும், குதிரையின் எடையையும் ஓட்டியின் திறமையையும் பற்றி வாதிடுவதும் ஓர் இன்பம். மூன்றாவது காரணம் கதை. வென்றவரின் கதையைத் தோட்டமே பேசும். தோற்றவர் வாய் திறப்பதில்லை. ஆகையால், வெற்றி அடிக்கடி நிகழ்வதாக நமக்குத் தோன்றுகிறது. நான்காவது, நூலிழையில் தவறிய வெற்றி. நாம் கட்டிய குதிரை மூக்கு நீளத்தில் தோற்றால், "அடுத்த முறை நிச்சயம்" என்று மனம் சொல்கிறது. தோல்வி தோல்விதான், மனமோ அதைப் பாதி வெற்றியாக எண்ணிக்கொள்கிறது. ஐந்தாவது, இழந்ததை மீட்கும் ஆவல். எல்லாவற்றினும் கொடியது இதுவே.

கிரிஃபித் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், பந்தயம் கட்டுவோரைப் பற்றி 1949ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார். வெல்லும் வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகளின்மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகின்றனர் என்று அவர் கண்டார். சிறிய தொகைக்குப் பெரும்பணம் என்னும் ஆசை, சிந்திக்கும் திறனை மறைத்துவிடுகிறது. இது நம் தோட்டத்திற்கு மட்டும் உரிய குறையன்று. உலகெங்கும் உள்ள மனித இயல்பு.

"இது சூதன்று, திறமை" என வாதிடுவோரும் உளர். அவ்வாதத்திற்கும் ஆதாரம் உண்டு. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய 1974ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வழக்கில் 1996 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. ஏற்றுக்கொள்வோம். ஆனால், திறமை யாருடையது? குதிரையை நாள்தோறும் காண்பவர்கள், அதனையே தொழிலாகக் கொண்டவர்கள் கட்டும் அதே தொகுப்பில்தான் நாமும் கட்டுகிறோம். அவர்களை வென்றால் மட்டும் போதாது. முதலிலேயே கழிக்கப்படும் பங்கையும் நாம் வெல்லுதல் வேண்டும்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் பொருந்தும். மரம் வெட்டும் தொழிலாளர் அவர், நல்ல உழைப்பாளி. "மாதம் ஒரு முறை, முப்பது வெள்ளி" என்பதே அவர் தம் பழக்கத்தைப் பற்றிக் கூறுவது. அவர் பொய் சொல்லவில்லை, அவ்வாறே நம்பினார். அவருடைய மனைவி சண்டையிடவில்லை. மகனின் பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில், மூன்று மாதம் நாள்தோறும் குறித்துவைத்தார். கணக்கைக் கூட்டிப் பார்த்தபொழுது, அவர் பணம் கட்டிய நாள்கள் 17. கட்டிய தொகை 1,260 வெள்ளி. திரும்பி வந்தது 905 வெள்ளி. இழப்பு 355 வெள்ளி. அந்த 905இல் ஒரே நாளில் வென்ற 400 வெள்ளியும் அடக்கம். அந்த 400 மட்டுமே அவர் நினைவில் இருந்தது. அவர் நெடுநேரம் அப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு மாசமா எழுதினியே, ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். "சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க" என்றார் அம்மையார்.

அவர் பந்தயத்தை அறவே விட்டுவிட்டார் என்று கூறினால் அது உண்மையாகாது. இப்பொழுது மாதம் ஒரு முறை இருபது வெள்ளி கட்டுகிறார். அதையும் தம் கையாலேயே எழுதுகிறார். அதுவும் ஒரு வெற்றியே.

தோழர்களே, பத்து வெள்ளிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தபொழுது, துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கேட்டார். மரம் வெட்டியவர்கள் கொடுத்த அப்பணத்தால் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அவர்களுக்கும் ஏக்கம் இருந்தது. பெருந்தொகை தேவையாக இருந்தது. கொடுத்த பத்து வெள்ளி நிலமாக நின்றது.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை சில. சம்பள நாளில் முதலில் வீட்டுப் பங்கையும் சேமிப்புப் பங்கையும் ஒதுக்கிவிடுவோம். பந்தயம் கட்டுவதாயின், மாதத்திற்கு எத்தனை முறை, எவ்வளவு என்பதைச் சம்பளத்திற்கு முன்பே முடிவு செய்வோம். கட்டுவதை எல்லாம் எழுதிவைப்போம். வென்றால், அப்பணத்தை அடுத்த பந்தயத்தில் கட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவருவோம். இழந்ததை அன்றே மீட்க ஒருபோதும் முயலோம். கடனுக்குப் பந்தயம் பிடிக்கும் சட்டவிரோதப் புக்கிகளை அறவே விலக்குவோம். 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி அவர்களிடம் கட்டுபவரும் குற்றவாளியே. புக்கியின் கடன் வட்டி முதலையிடம் கொண்டுபோய்விடும். அங்கிருந்து மீள்வது அரிது.

நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத நிலை வந்தால், அதை வெட்கமாகக் கருத வேண்டா. உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஒரு நோயாகவே பட்டியலிட்டுள்ளது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் மனம்விட்டுக் கூறலாம். காய்ச்சலுக்குச் செல்வதுபோல் இதற்கும் செல்லலாம்.

வள்ளுவர் பெருமான் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே, 94ஆம் அதிகாரத்தை, ஒதுக்கியுள்ளார். பத்துக் குறளையும் வீட்டில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன்பின் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, முதற்பக்கத்தில் இம்மாதத்தின் பெயரை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து அதனைக் கூட்டிப் பாருங்கள். "எத்தனை முறை?" என்பதற்கு அப்புத்தகம் விடை கூறும்.