கோள்களிடையே ஒரு போர்

மனிதன் எவ்வளவு தொலைவு பயணம் செய்யக் கற்றானோ, அவ்வளவு தொலைவும் அவனுடைய கதைகள் அவனுக்கு முன்னரே சென்று வந்திருக்கின்றன. மரக்கலம் கட்டிக் கடல் கடந்த காலத்தில் அக்கரைத் தீவுகளைப் பற்றிய கதைகள் எழுந்தன. தொலைநோக்கி கொண்டு வானத்தை ஆராயத் தொடங்கிய பின்னர், வேற்றுக் கோள்களில் வாழும் உயிர்களைப் பற்றிய கதைகள் எழுந்தன. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1898-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ இவ்வகைக்கு ஒரு பெரிய முன்னோடி. செவ்வாய்க் கோளத்தார் இங்கிலாந்தின்மீது படையெடுத்து வருவதாக அமைந்தது அக்கதை. அதிலே மனிதர் யாவரும் ஒரு புறம். வேற்றுலகத்தார் மறு புறம். பகைவன் யார் என்பதில் ஐயமே இல்லை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட நாவலில் அந்தத் தெளிவு இல்லை. அங்கே வேற்றுலகிலிருந்து ஓர் ஆபத்து வந்து நிற்கிறது. ஆனால் அதனை ஏறெடுத்துப் பார்க்கவும் நேரமின்றி, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் போரிடப் புறப்பட்டு விடுகிறார்கள். அப்போரை மூட்டுவது ஒரு செய்தி. வானொலியின் முன் நின்று பேசுகின்ற எனக்கும், கேட்கின்ற உங்களுக்கும் அதில் எண்ணிப் பார்க்கத்தக்க பொருள் உண்டு.

நாவலின் பெயர் ‘லெவியதான் வேக்ஸ்’. ‘லெவியதான் விழித்தெழுகிறது’ என்று அதனைத் தமிழிலே சொல்லலாம். லெவியதான் என்பது எபிரேய வேதத்தில் வரும் மாபெருங் கடல் விலங்கு. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த இந்நூலின் ஆசிரியர் பெயர் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி. இது ஒருவர் பெயரன்று; டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் என்னும் இருவர் கூடிப் பூண்ட புனைபெயர். ஒன்பது நாவல்கள் கொண்ட வரிசையில் இது முதலாவது. இறுதி நாவல் 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறிவியற் புனைகதைகளுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது 2020-ஆம் ஆண்டில் இவ்வரிசை முழுமைக்கும் கிடைத்தது.

கதை நிகழும் களத்தை முதலில் அறிந்துகொள்வோம். சில நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட காலம். மனிதகுலம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் ஆட்சியிலே மக்கள் நெருக்கத்தால் திணறும் பூமி ஒன்று. கட்டுப்பாடும் படைவலிமையும் மிக்க செவ்வாய் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் அப்பால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுழலும் சிறுகோள்களிலும், இன்னும் தொலைவிலுள்ள துணைக்கோள்களிலும் கல்லை உடைத்தும் பனிக்கட்டியைச் சுமந்தும் பிழைக்கின்ற உழைப்பாளி மக்கள் மூன்றாமவர்.

இந்த மூன்றாமவரைப் படைத்திருக்கும் திறம் பாராட்டத்தக்கது. ஈர்ப்பு குறைந்த இடத்திலே பிறந்து வளர்வதால் அவர்கள் நெடிதுயர்ந்து, எலும்பு மெலிந்து காணப்படுகிறார்கள். விண்வெளி உடைக்குள் தலையசைப்பது பிறர் கண்ணுக்குத் தெரியாதாகையால், ஆம், இல்லை என்பனவற்றைக்கூடக் கையசைவாலேயே உணர்த்துகிறார்கள். பல நாட்டு மொழிகளும் கலந்து அவர்களுக்கென ஒரு பேச்சு மொழி உருவாகியிருக்கிறது. நமக்கு விலையின்றிக் கிடைக்கும் காற்றும், எளிதாகக் கிடைக்கும் நீரும் அவர்களுக்கு விலைப்பொருள்கள். தண்ணீர் ஏற்றிவரும் கப்பல் ஒன்று தவறினால் ஊரே தவிக்க வேண்டியதுதான். ‘நம் தாகத்தை வைத்துப் பிறர் பிழைக்கிறார்கள்’ என்னும் குமுறல் தலைமுறை தலைமுறையாக அவர்கள் நெஞ்சிலே கனன்றுகொண்டிருக்கிறது.

ஆசிரியத் தொழிலிலே பழகியவன் ஆதலால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று பியாஸி கண்டறிந்த சிரஸ் என்னும் சிறுகோளே கதையின் பெரிய துறைமுகம். 60 இலட்சம் மக்கள் அதன் உட்குடைவுகளில் வாழ்கிறார்கள். அதனைப் பம்பரம்போல் சுழல வைத்துச் செயற்கை எடை உண்டாக்கியிருப்பதாகக் கதை கூறுகிறது. ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிரஸின் இயற்கை ஈர்ப்பு, புவியீர்ப்பில் 35-இல் ஒரு பங்குதான். அத்தனை விரைவாகச் சுழற்றினால் மேற்பரப்பிலுள்ள கல்லும் மண்ணும் வெளியே சிதறிப் பறந்துவிடும். இதனைக் கதைக்கு நாம் அளிக்கும் சலுகையாகக் கொண்டு மேலே செல்வோம்.

சனிக்கோளின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு சிரஸுக்குத் திரும்புகிறது ‘கான்டர்பரி’ என்னும் பழங்கப்பல். வழியில் அபாயக் குறிப்பு ஒன்று கேட்கிறது. கப்பலின் துணைத்தலைவனாகிய ஜேம்ஸ் ஹோல்டன் நால்வரோடு சிறு ஓடத்தில் சென்று பார்க்கிறான். அங்கே ஆளில்லாத கப்பல் ஒன்று மிதக்கிறது. அபாயக் குறிப்பு ஒரு பொறி. மறைந்திருந்த போர்க்கப்பல் ஒன்று தோன்றி, அவன் கண்ணெதிரே கான்டர்பரியை அணுகுண்டால் அழித்துவிட்டு அகல்கிறது. பொய்க்குறிப்பை அனுப்பிய கருவியை ஆராய்ந்தால், அதன் பாகத்திலே செவ்வாய்க் கடற்படையின் முத்திரை காணப்படுகிறது.

ஹோல்டன் நேர்மையானவன், தோழர்களை இழந்த துயரத்தில் இருப்பவன், தங்களையும் ஓசையின்றி ஒழித்துவிடுவார்களோ என்று அஞ்சுபவன். தான் கண்டதைக் கண்டபடியே அனைத்துலகுக்கும் ஒலிபரப்பிவிடுகிறான். கப்பல் அழிந்தது உண்மை. முத்திரை இருந்ததும் உண்மை. அவன் கூறியதில் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் அச்செய்தி சிரஸை எட்டியதும் தெருக்களில் கலகம் மூள்கிறது. ‘நம் தண்ணீர்க் கப்பலைச் செவ்வாய் அழித்தது’ என்று கேட்டவர்கள் முடிவு கட்டுகிறார்கள். பிறகு கப்பலுக்குக் கப்பல் பழி வாங்கப்படுகிறது. தாக்கிய கப்பல்கள் பூமியைச் சார்ந்த கட்டுந்துறையில் உருவானவை என்று பின்னொரு நாள் தெரியவர, அதனையும் ஹோல்டன் வெளியிடுகிறான். அதுவரை விலகி நின்ற பூமியும் பூசலுக்குள் இழுக்கப்படுகிறது.

விண்வெளியிலே சொல்லைத் திரும்பப் பெறுதல் அரிது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். வானொலி அலையும் ஒளியின் வேகத்திற்கு மேல் செல்லாது. சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகிறது. சனியிலிருந்து புறப்படும் செய்தி பூமிக்கு வர 1 மணி நேரத்திற்கு மேல் ஆகும். ‘தவறாகக் கொள்ளாதீர்கள்’ என்று விளக்கம் அனுப்புவதற்குள் முதற் செய்தி தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

இக்கதையின் மறுபாதி மில்லர் என்னும் துப்பறிவாளருடையது. சிரஸிலே பிறந்து, அங்கேயே காவல் பணி செய்து சலித்துப்போனவர் அவர். காணாமற்போன ஜூலி மாவோ என்னும் பெண்ணைத் தேடும் பொறுப்பு அவரிடம் வருகிறது. ஹோல்டனுக்கும் அவருக்கும் நடக்கும் வாதமே நூலின் உயிர்நிலை என்பேன். ‘உண்மையை யாவருக்கும் சொல்லிவிடு, மக்கள் சரியானதைச் செய்வார்கள்’ என்பது ஹோல்டன் கட்சி. ‘ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் எஞ்சிய படத்தை மக்கள் தங்கள் அச்சத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வார்கள், முழுவதையும் அறியும்வரை பொறு’ என்பது மில்லர் கட்சி. இருவரையும் ஓர் அத்தியாயம் மாற்றி ஓர் அத்தியாயமாகப் பேசவிட்டு, நடுவர் ஆசனத்தில் வாசகரை அமர்த்திவிட்டார்கள் ஆசிரியர்கள்.

இது கதையில்தான் நடக்கும் என்று எண்ணவேண்டா. 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், கியூபாவின் ஹவானாத் துறைமுகத்தில் நின்றிருந்த ‘மெயின்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் வெடித்தது உண்மை. அத்துறைமுகம் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்ததும் உண்மை. அமெரிக்கப் பத்திரிகைகள் சில ஸ்பெயினே குற்றவாளி என்று எழுதின. கடற்படையின் விசாரணைக் குழு, வெளியே வைத்த கண்ணிவெடியே காரணம் என்றது. யார் வைத்தார் என்று கூறவில்லை. ஏப்ரல் மாதத்தில் போர் மூண்டது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிக்கோவர் வல்லுநர்களைக்கொண்டு மீண்டும் ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட முடிவு வேறு. வெடிப்பு கப்பலின் உள்ளேயே நிகழ்ந்தது. நிலக்கரி அறையிற் பற்றிய தீ அருகிலிருந்த வெடிமருந்துக்குப் பரவியதே பெரும்பாலும் காரணமாகலாம் என்றார் அவர். 78 ஆண்டுகள் கழித்து வந்த அம்முடிவு, போரில் இறந்தவருக்கு என்ன பயன் தரும்?

பள்ளிக்கூடத்திலும் இதன் சிறிய வடிவத்தைக் கண்டிருக்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஓர் ஊரில், விளையாட்டு விழாவன்று காலையில் சாமான் அறையைத் திறந்தபோது, கயிறு இழுக்கும் போட்டிக்குரிய வடம் அறுந்து கிடந்தது. அருகிலே நீலநிற நாடா ஒன்று. நீலக் குழுவினர்தாம் அறுத்தார்கள் என்று சிவப்புக் குழுவினர் கூச்சலிட்டனர். கைகலப்புக்கு இன்னும் ஓர் அடியே பாக்கி. இரு குழுவினரையும் வகுப்பறையில் அமர்த்தி, கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடப்புறம் ‘கண்டது’ என்றும், வலப்புறம் ‘கருதியது’ என்றும் எழுதி, ஒவ்வொருவரும் சொல்வது எந்தப் பக்கத்தைச் சேரும் என்று அவர்களையே கேட்டேன். இடப்புறம் இரண்டே வரிகள் தேறின: வடம் அறுந்திருக்கிறது, நாடா கிடக்கிறது. வலப்புறமோ இடம் போதவில்லை. இதற்குள் நெசவு ஆசிரியர் வடத்தின் முனையைப் பரிசோதித்து, அது கத்தி பட்ட இழையன்று, எலிப்பல் பட்ட இழை என்று கண்டு கூறினார். நாடா, கொடிகளைக் கட்டி வைத்திருந்த பொட்டலத்திலிருந்து நழுவியது.

இனி நாவலில் வரும் வேற்றுலக ஆபத்துக்கு வருவோம். சனியின் துணைக்கோளாகிய ஃபீபியை 1899-ஆம் ஆண்டில் பிக்கரிங் கண்டறிந்தார். அது சனியின் பெரிய துணைக்கோள்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது; எங்கோ தொலைவிலிருந்து வந்து சனியின் பிடியில் சிக்கியதாக இருக்கலாம் என்று அறிவியலார் கருதுகின்றனர். இந்த உண்மையின்மீது ஆசிரியர்கள் தங்கள் கற்பனையை எழுப்பியிருக்கிறார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், யாரோ தொடக்ககாலப் பூமியை நோக்கி எறிந்த கருவியே ஃபீபி. வழியிலே சனி அதனைப் பிடித்துக்கொண்டது என்பது கதை. அதனுள் இருக்கும் பொருள் உயிர்களைத் தின்று, தனக்கு வேண்டியவாறு உருமாற்றும் இயல்புடையது. அதற்குத் தீய நோக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. தனக்கு இடப்பட்ட வேலையைச் செய்கிறது.

அதனைக் கண்டெடுத்த ஒரு வணிக நிறுவனம், ஆராய்ச்சி என்ற பெயரால் ஈராஸ் என்னும் சிறுகோளின் 15 இலட்சம் மக்கள்மேல் அதனை ஏவிவிடுகிறது. அக்கொடுமையின்மீது யார் பார்வையும் விழாதிருக்க ஒரு திரை வேண்டும், அத்திரையே போர். அதற்காகவே தண்ணீர்க் கப்பல் அழிக்கப்பட்டது. ஹோல்டன் போன்ற நேர்மையாளன் ஒருவன் உண்மையைக் கூவுவதும், மக்கள் எஞ்சியதைத் தாமே நிரப்பிக்கொள்வதும், திரை நெய்வோருக்கு எத்துணை உதவியாயிற்று! வேற்றுலகப் பொருளைவிட இதுவே எனக்கு அச்சம் தந்தது. ஈராஸ் என்னவாயிற்று, மில்லர் என்ன செய்தார் என்பவற்றை நூலைப் படிக்கப்போகிறவர்களின் பொருட்டு இங்கே கூறாமல் விடுகிறேன்.

அவ்வாறாயின் ஹோல்டன் வாய் மூடியிருந்திருக்க வேண்டுமா? இல்லை என்றே நான் கருதுகிறேன். ஈராஸின் கொடுமை வளர்ந்தது மௌனத்திலே. மறைப்பதே அந்நிறுவனத்தின் முதல். முழு உண்மையும் கைக்கு வரும்வரை பேசாதிருப்பதென்றால், உலகில் எந்தக் கொடுமையும் வெளிவராது. மில்லரின் எச்சரிக்கையையும் தள்ளிவிட முடியாது. சொல்ல வேண்டும், சொல்லும்போது, ‘நான் கண்டது இவ்வளவு, அறியாதது இவ்வளவு’ என்று இரண்டையும் ஒரே குரலிற் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லுவதற்கே மிகுதியான துணிவு தேவை.

ஆனால் பொறுப்பு முழுவதையும் சொல்வோன் தலையில் ஏற்றிவிடுவதும் நீதியன்று. 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், வெல்ஸின் நாவலை ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியிற் செய்தி அறிக்கை போன்ற நாடகமாக ஒலிபரப்பினார். சிலர் அதனை மெய்யென்று நம்பி அஞ்சினர். மறுநாட் பத்திரிகைகளோ நாடே கலங்கி ஓடியதாக எழுதின. அப்படி நாடளாவிய பீதி ஏதும் நேரவில்லை, பத்திரிகைகள் மிகைப்படுத்தின என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கின்றனர். வானொலியை நம்பியவரைப் பார்த்து நகைத்தவர்கள், பத்திரிகையை நம்பிப் பல்லாண்டுகள் அதே பிழையைச் செய்தார்கள்!

தமிழிலே கோள் என்னும் சொல் வானத்துக் கிரகத்தையும் குறிக்கும். ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் மூட்டிவிடும் புறஞ்சொல்லையும் குறிக்கும். அன்பர்களே, விண்கோள்களிடையே போர் மூளுமா என்பது நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காணவேண்டிய செய்தி. மற்றக் கோளோ நாள்தோறும் நம் வீட்டு வாயிலுக்கு வருகிறது. இப்போது கையடக்கக் கருவியின் வழியே படுக்கையறைக்குள்ளும் வருகிறது. அதனை அடுத்தவருக்கு அனுப்புமுன், இதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கருதியது என்று ஒரு நிமிடம் பிரித்துப் பார்ப்போமாக. அந்த ஒரு நிமிடத்திலே ஒரு தெருச் சண்டையேனும் மூளாமற் போகலாம்.